சித்தப்பாவைச் சிறைப்பிடித்த சாது

1385, மே 6. மிலான் நகர மதிலுக்கு வெளியே கோவேறு கழுதை ஒன்றின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார் பெர்னபோ விஸ்கோன்டி. அறுபதைத் தாண்டிய வயது. அந்தப் பெயரைக் கேட்டு நடுங்காத ஆள் அன்றைய வட இத்தாலியில் கிடையாது. ஆனாலும் அன்று அவர் உடம்பில் கவசம் இல்லை, பின்னால் படையும் இல்லை. உடன் வந்தவர்கள் இரண்டு மகன்களும் சில ஏவலாட்களும்தான். வரப்போவது அண்ணன் மகன். போதாக்குறைக்கு மருமகனும்கூட. அவனைப் பார்க்க எதற்குப் படை?

அந்த மருமகன்தான் ஜான் கலேயாட்ஸோ விஸ்கோன்டி. பவியா கோட்டையை விட்டு அதிகம் வெளியே வராதவர். நாள் தவறாமல் பூசை, நோன்பு, ஜெபம். ஊரார் கேலி செய்யும் அளவுக்குப் பயந்த சுபாவம். எங்கே போனாலும் சில நூறு காவல் வீரர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டுதான் போவார். இப்போது வரேஸே மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்கு யாத்திரை கிளம்பியிருந்தார். ‘நகருக்குள் வர நேரமில்லை, வழியிலேயே சித்தப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்று முன்கூட்டியே சேதி அனுப்பியிருந்தார். போக வேண்டாம் என்று பெர்னபோவைத் தடுத்தவர்கள் உண்டு. கிழவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற பையனைப் பார்த்துப் பயப்படுவதாவது!

சித்தப்பாவும் அண்ணன் மகனும் தழுவிக்கொண்டார்கள். அடுத்த நொடி ஜான் கலேயாட்ஸோ தன் தளபதி யாக்கோபோ தால் வெர்மேவுக்குக் கண் காட்டினார். வீரர்கள் கோவேறு கழுதையின் கடிவாளத்தைப் பற்றினார்கள். பெர்னபோவும் மகன்களும் கைதானார்கள். யாத்திரை அதோடு முடிந்தது. மாதாவைப் பார்க்க யாரும் மலை ஏறவில்லை. அத்தனை பேரும் நேராக மிலானுக்குள் நுழைந்தார்கள்.

மக்கள் எதிர்த்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். அவர்களோ, புதியவருக்கு வாழ்க கோஷம் போட்டார்கள், வரிகள் ஒழிக என்று கத்தினார்கள், அப்படியே போய்ப் பெர்னபோவின் மாளிகையைச் சூறையாடினார்கள். ஜான் கலேயாட்ஸோ அதைத் தடுக்கவில்லை. ஒரு நகரத்தின் விசுவாசத்தை வாங்க இதைவிட மலிவான வழி ஏது? செலவு முழுக்கச் சித்தப்பாவுடையது.

*

மக்கள் ஏன் அழவில்லை என்று தெரிய, பெர்னபோவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருக்கு வேட்டை நாய்கள் மீது தீராத பைத்தியம். ஆயிரக்கணக்கில் வளர்த்தார். அரண்மனையில் இடம் போதாது என்று குடிமக்கள் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்துவிட்டார். நாய் இளைத்தாலும் அபராதம், செத்தாலும் அபராதம். போப்பாண்டவரின் தூதர்கள் கண்டனக் கடிதத்தோடு வந்தபோது, அந்தத் தோல் சுருளையும், அதில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றையும், தொங்கிய ஈய முத்திரையையும் அவர்களையே தின்ன வைத்தார் என்று ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். ஆளின் லட்சணம் அப்படி. ஆங்கிலக் கவிஞர் சாஸர் 1378-ல் அரசாங்க வேலையாக மிலானுக்குப் போய் இவரைப் பார்த்தவர். பிற்பாடு ‘கான்டர்பரி கதைகள்’ எழுதியபோது, உயரத்திலிருந்து விழுந்தவர்களின் வரிசையில் பெர்னபோவுக்கும் ஓர் இடம் கொடுத்தார்.

விஸ்கோன்டி குடும்பத்தின் சின்னம், ஒரு மனிதனை வாயில் கவ்வியிருக்கும் பாம்பு. ஆல்ஃபா ரோமியோ காரின் முகப்பு வில்லையில் ஒரு பாதி இன்றும் அந்தப் பாம்புதான். குடும்பத்துக்குப் பொருத்தமான சின்னம்தான். இவர்களின் ஆட்சிப்பரப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேற்குப் பாதி அண்ணன் இரண்டாம் கலேயாட்ஸோவிடம், தலைநகர் பவியா. கிழக்குப் பாதி தம்பி பெர்னபோவிடம், இருப்பிடம் மிலான். அண்ணன் மென்மையானவர் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜத் துரோகிகளை ஒரேயடியாகக் கொல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் உறுப்பு உறுப்பாக அறுத்து நாற்பது நாள் இழுத்தடிக்கும் தண்டனை ஒன்று இந்தச் சகோதரர்களின் பெயரில்தான் வழங்குகிறது. அதே அண்ணன்தான் பவியாவில் பல்கலைக்கழகம் தொடங்க 1361-ல் பேரரசரிடம் அனுமதி வாங்கியவரும். கவிஞர் பெத்ரார்க் பல ஆண்டுகள் இந்தக் குடும்பத்தின் ஆதரவில் மிலானில் வாழ்ந்தார். இதில் முரண் இருப்பதாக அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இந்த அண்ணனின் மகனாக 1351-ல் பிறந்தவர் ஜான் கலேயாட்ஸோ. ஒன்பது வயது நிரம்புவதற்குள் கல்யாணம். பெண் லேசுப்பட்ட இடம் அல்ல. பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஜானின் மகள் இசபெல், வயது பன்னிரண்டு. பிரான்ஸின் இளவரசி எப்படி ஒரு மிலான் வீட்டுக்கு வாக்கப்பட்டாள்? 1356-ல் புவாத்தியே போரில் அவள் அப்பா இங்கிலாந்திடம் சிக்கிக்கொண்டார். அவரை விடுவிக்க ஆங்கிலேயர்கள் கேட்டது முப்பது லட்சம் பொற்காசுகள். பிரான்ஸின் கஜானா காலி. விஸ்கோன்டிகளிடம் பணம் இருந்தது, ராஜ ரத்தம் இல்லை. அவர்கள் கொடுத்தது ஆறு லட்சம் ஃப்ளோரின் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு ஃப்ளோரினில் மூன்றரை கிராம் தங்கம். பெருக்கிப் பார்த்தால் இரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. நம்மூரில் பெண் வீட்டார் கொடுப்பார்கள், அங்கே மாப்பிள்ளை வீட்டார் கொட்டினார்கள். பதிலுக்கு மாப்பிள்ளைக்கு ஷாம்பேன் பகுதியில் வெர்த்யூ என்ற சிற்றூரின் பிரபு பட்டம் கிடைத்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் இத்தாலி அவரை அந்தப் பட்டத்தால்தான் அழைத்தது.

இசபெல் 1372-ல் பிரசவத்தில் இறந்தாள். அவள் பெற்ற மகன்கள் யாரும் தங்கவில்லை. மகள் வாலென்டினா மட்டும் பிழைத்தாள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1378-ல் அப்பா இரண்டாம் கலேயாட்ஸோ காலமானார். 1380-ல் ஜான் கலேயாட்ஸோவுக்கு இரண்டாம் கல்யாணம், பெர்னபோவின் மகள் கத்தரீனாவோடு. சித்தப்பா மகளையா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நம் முறைப்படி அவள் தங்கை. திருச்சபையின் சட்டமும் இந்த உறவில் திருமணத்தைத் தடுத்திருந்தது, அதனால் விசேஷ அனுமதி வாங்கித்தான் மோதிரம் மாற்றினார்கள். பெர்னபோவின் கணக்கு எளிமையானது. வீட்டோடு கட்டிப்போட்டால் பையன் எங்கே போவான், பங்கும் ஒருநாள் நம் பக்கம் வந்துவிடும்.

பையன் ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்தான். மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

பெர்னபோவை அட்டா நதிக்கரையில் ட்ரெட்ஸோ கோட்டையில் அடைத்தார்கள். அந்தக் கோட்டையைக் கட்டியவர் அவரேதான். அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். விஷம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஜான் கலேயாட்ஸோ அந்தப் பேச்சுக்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தார். சித்தப்பாவின் குற்றங்களை வரிசைப்படுத்தி ஒரு குற்றப்பத்திரிகை தயாரித்து வெளியிட்டார். பெர்னபோவின் பெண்கள் பலர் ஐரோப்பிய அரச வீடுகளில், குறிப்பாக ஜெர்மன் பிரபுக்களிடம், வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். சம்பந்திகள் கேள்வி கேட்பதற்குள் பதில் தயார்.

இந்த மனிதரைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தக் குற்றப்பத்திரிகை போதும். வாள் எடுத்தது ஒரே ஒரு மதியம். அதற்கு முன்னும் பின்னும் முழுக்கக் காகிதம்தான்.

*

மிலானும் பவியாவும் ஒன்றான பிறகு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று வரியைக் குறைத்தது. அடுத்த ஆண்டு, 1386-ல், மிலான் மக்கள் தங்கள் பேராலயத்தை எழுப்பத் தொடங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கும் வெண்பளிங்குக் கோபுரக்காடு அதுதான். மாஜோரே ஏரிக்கு அப்பால் கன்டோலியாவில் இருந்த பளிங்குச் சுரங்கத்தை அவர் கட்டுமானக் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார். கல் ஏரியில் இறங்கி, திச்சீனோ நதியில் மிதந்து, நவீலியோ கால்வாய் வழியாக நகரத்துக்கு வந்தது. வழியில் எந்தச் சுங்கமும் கிடையாது என்று உத்தரவு போட்டார். பத்து ஆண்டு கழித்து, 1396-ல், பவியாவுக்கு அருகே கார்த்தூசியத் துறவிகளுக்காக ஒரு மடத்துக்கும் அடிக்கல் நாட்டினார். அவரது கல்லறை இருப்பது அங்கேதான்.

பவியா கோட்டையில் இருந்த நூலகம் அன்றைய ஐரோப்பாவின் பெரிய நூலகங்களுள் ஒன்று. அதில் ஒரு கடிகாரமும் இருந்தது. ஜொவான்னி தொந்தி என்ற மருத்துவர் பதினாறு ஆண்டு பாடுபட்டு 1364-ல் முடித்த இயந்திரம். ஏழு முகங்கள். சூரியன், சந்திரன், ஐந்து கிரகங்கள் ஒவ்வொன்றும் எங்கே நிற்கின்றன என்று பல்சக்கரங்களின் சுழற்சியிலேயே காட்டும். ஜோசியத்தில் பெரும் நம்பிக்கை கொண்ட ஜான் கலேயாட்ஸோவுக்கு அதைவிடப் பிடித்தமான பொருள் இருந்திருக்க முடியாது.

அந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்தபடிதான் அவர் போர்களை நடத்தினார். மிலானைப் பிடித்த பிறகு தானே படை நடத்திக் களத்துக்குப் போனதில்லை. தால் வெர்மே போன்ற கூலித் தளபதிகளுக்கு நேரத்துக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்தது. மற்ற ஊர்க்காரர்கள் அதில்தான் கோட்டைவிட்டார்கள். எழுத்தர்கள் கடிதங்களை நகல் எடுத்தார்கள், கணக்கு எழுதினார்கள், குறிப்புகளை அடுக்கி வைத்தார்கள்.

1387-ல் வெரோனாவுக்கும் பதுவாவுக்கும் சண்டை. நம்மூர் கத்தோலிக்கர்கள் ‘பதுவைப் புனித அந்தோணியார்’ என்று வணங்குகிறார்களே, அந்தப் பதுவை. அதன் அதிபர் பிரான்செஸ்கோ கராரா ஜான் கலேயாட்ஸோவோடு ஒப்பந்தம் போட்டார். ஜெயித்தால் வெரோனா மிலானுக்கு, விசென்சா பதுவைக்கு. வெரோனா விழுந்தது. விசென்சா வாசலில் பதுவையின் ஆட்கள் போய் நின்றபோது, அந்த நகரம் ஏற்கெனவே கத்தரீனாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துவிட்டிருந்தது. எந்தக் கத்தரீனா? ஜான் கலேயாட்ஸோவின் மனைவிதான். அவள் அம்மா, வெரோனாவையும் விசென்சாவையும் ஆண்ட ஸ்காலா குடும்பத்துப் பெண். தாய்வழி வாரிசுரிமையாம்! ‘நான் ஒப்பந்தத்தை மீறவில்லை, இது என் மனைவியின் சொத்து’ என்று கைவிரித்துவிட்டார். மறு ஆண்டு வெனிஸோடு சேர்ந்து பதுவையையே விழுங்கினார். தோற்ற கராராவைச் சிறையிலேயே சாகவிட்டார். பதுவையின் கராரா நூலகத்தில் பெத்ரார்க்கின் சொந்தப் புத்தகங்களில் கணிசமானவை இருந்தன. அவையும் வண்டியேறிப் பவியா வந்தன.

கராராவின் மகன் பிரான்செஸ்கோ நொவெல்லோ மட்டும் கையிலிருந்து நழுவினார். கர்ப்பிணி மனைவியோடு தப்பி, ஊர் ஊராக அலைந்து உதவி கேட்டு, 1390-ல் ஒரு சிறு படையோடு திரும்பி வந்தார். ஆற்றுக்குள் இறங்கி நடந்து நகருக்குள் நுழைந்து, பதுவையை மீட்டுக்கொண்டார்.

தண்ணீரை நம்பி நின்ற நகரங்கள் மேல் ஜான் கலேயாட்ஸோவுக்குத் தனி எரிச்சல் இருந்தது. மன்துவா நகரை மின்ச்சோ நதி ஏரியாக விரிந்து சுற்றிக் காத்தது. சரி, நதியையே திருப்பிவிட்டால்? 1393-ல் வலேஜியோவில், நதிக்குக் குறுக்கே அறுநூறு மீட்டருக்கு மேல் நீளமான கோட்டைப் பாலம் ஒன்றை எழுப்பினார். மின்ச்சோவை மன்துவாவிலிருந்தும், பிரெந்தாவைப் பதுவையிலிருந்தும் திருப்புவதற்கான கரைகளுக்கு மூன்று லட்சம் ஃப்ளோரின் செலவழித்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட். நதிகள் இரண்டும் பழைய வழியிலேயே ஓடின. அவர் வாழ்க்கையில் பணம் கொடுத்தும் வாங்க முடியாமல் போனவை அவை. பாலத்தின் இடிபாடு மட்டும் இன்னும் நிற்கிறது.

*

விஸ்கோன்டிகள் அதுவரை சட்டப்படி யார்? பேரரசரின் பிரதிநிதிகள், அவ்வளவுதான். நகர சபை ‘நீங்களே ஆளுங்கள்’ என்று ஒப்படைத்த அதிகாரம். நாளைக்கு அதே சபை வேறு பெயரைச் சொன்னால் எதிர்த்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சித்தப்பாவைக் கவிழ்த்தவருக்கு, தன்னையும் இன்னொருவர் கவிழ்க்கலாம் என்பது தெரியாதா?

அப்போது ஜெர்மன் மன்னர் வென்செஸ்லாஸ் பிராகாவில் பணமுடையில் இருந்தார். ஒரு லட்சம் ஃப்ளோரின் கை மாறியது. 1395 மே மாதம் சாசனம் எழுதப்பட்டது. செப்டம்பர் 5 அன்று மிலானில் புனித அம்புரோஸ் ஆலயத்தின் முன்னால், மன்னரின் தூதர் ஜான் கலேயாட்ஸோவின் தலையில் டியூக் கிரீடத்தை வைத்தார். மிலானின் முதல் டியூக். இனி இது பரம்பரைச் சொத்து. மகனுக்குப் பின் மகன். சுமார் 350 கிலோ தங்கத்துக்கு இது நல்ல வியாபாரம் என்பதே என் கணிப்பு. விற்றவருக்குத்தான் நஷ்டம். 1400-ல் ஜெர்மன் தேர்வாளர்கள் வென்செஸ்லாஸைப் பதவியிலிருந்து இறக்கியபோது, அவர் மேல் சுமத்திய குற்றங்களில் இந்த மிலான் விற்பனையும் ஒன்று. அடுத்து வந்த ரூபர்ட், விற்றதைப் பிடுங்க 1401-ல் ஆல்ப்ஸ் தாண்டிப் படையோடு வந்தார். பிரெஷியா அருகே தால் வெர்மேயின் படையிடம் அடிவாங்கித் திரும்பினார்.

எதிர்த்து நின்றது ஃபுளோரன்ஸ். 1390-லிருந்தே அது அவரோடு விட்டுவிட்டுப் போரிட்டது. அதன் தளபதி ஆங்கிலேயரான ஜான் ஹாக்வுட். இவர் பெர்னபோவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளைக் கட்டியவர், ஆக மாமனார் கணக்கும் ஒன்று பாக்கி இருந்தது. ஃபுளோரன்ஸின் இன்னொரு ஆயுதம் அதன் அரசுச் செயலர் கொலுச்சோ சலுதாத்தி. விடுதலையா அடிமைத்தனமா, குடியரசா கொடுங்கோலா என்று ஐரோப்பாவெங்கும் லத்தீனில் கடிதம் எழுதித் தள்ளினார். அந்த ஆள் எழுதும் ஒரு கடிதம் ஆயிரம் குதிரை வீரர்களைவிட அதிகச் சேதம் செய்கிறது என்று ஜான் கலேயாட்ஸோவே அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். காகிதத்தின் வலிமையை அவரைவிட யார் அறிவார்!

ஆனாலும் வளையம் இறுகியது. 1399-ல் பீசாவை விலைக்கு வாங்கினார், இரண்டு லட்சம் ஃப்ளோரின். அதே ஆண்டு சியெனா தானாக வந்து சேர்ந்தது. 1400-ல் பெரூஜியா. 1402 ஜூன் 26 அன்று கசலெக்கியோவில் நடந்த போரில் பொலோஞ்ஞாவின் படையும் ஃபுளோரன்ஸின் உதவிப்படையும் சிதறின. அடுத்த சில நாட்களில் பொலோஞ்ஞாவும் அவர் கையில். ஃபுளோரன்ஸுக்கு வடக்கே, தெற்கே, மேற்கே எந்தத் திசையில் சாமான் போனாலும் டியூக்கின் ஆட்கள்தான் நின்றார்கள்.

வெற்றிக்கு ஒரு தாவல்தான் பாக்கி. தாவவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. வணிகப் பாதைகளை அடைத்து, ஊர் தானாகப் பணியட்டும் என்று காத்திருந்தார். முதல் முறை ஐந்து ஆண்டு பொறுத்ததற்குப் பலன் கிடைத்ததே! அவர் பலமும் பலவீனமும் இந்தப் பொறுமைதான் என்பேன். அந்தக் கோடையில் லொம்பார்டியில் கொள்ளைநோய் பரவியது. பவியாவை விட்டு மெலெஞ்ஞானோ கோட்டைக்கு ஒதுங்கினார். அங்கே காய்ச்சல் கண்டது. வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்த ஆண்டு அது. செப்டம்பர் 3 அன்று, ஐம்பத்தோரு வயது நிரம்ப ஆறு வாரம் இருக்கும்போது, டியூக் இறந்தார்.

ஃபுளோரன்ஸ் கொண்டாடியது. விடுதலைதான் வென்றது என்று அதன் அறிஞர்கள் எழுதினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் பரோன் என்ற வரலாற்றாசிரியர், இந்த நெருக்கடியில்தான் மறுமலர்ச்சிக் காலத்தின் குடியரசுச் சிந்தனையே உருவானது என்று வாதிட்டார். வாதம் அழகானது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 1406-ல், இதே ஃபுளோரன்ஸ் பீசாவை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பணியவைத்தது. பீசாக்காரர்களின் விடுதலை பற்றி சலுதாத்தியின் ஊரில் யாரும் உருகவில்லை.

டியூக் விட்டுப்போன மகன்கள் இருவர். மூத்தவன் ஜொவான்னி மரியாவுக்குப் பதினான்கு முடியச் சில நாள் பாக்கி. இளையவன் பிலிப்போ மரியாவுக்கு ஏறக்குறைய பத்து வயது. சாசனம் பத்திரமாக இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. தளபதிகள் ஆளுக்கொரு நகரத்தைக் கைப்பற்றிக்கொண்டார்கள். வெரோனா, விசென்சா, பதுவை மூன்றையும் 1405-க்குள் வெனிஸ் எடுத்துக்கொண்டது. மகன் சார்பில் ஆட்சி நடத்திய கத்தரீனா 1404-ல் மோன்சாவில் சிறையில் இறந்தாள். அப்பாவுக்குச் சொன்ன அதே காரணத்தை மகளுக்கும் ஊர் சொன்னது.

நினைவில் வைக்கச் சொன்ன வாலென்டினா? அவளைப் பிரான்ஸ் மன்னரின் தம்பி லூயிக்கு 1389-ல் கட்டிக்கொடுத்தார்கள். சீதனமாக ஆஸ்தி நகரமும் நாலரை லட்சம் ஃப்ளோரினும். எதையும் எழுதி வைக்கும் அப்பா, திருமண ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் சேர்த்திருந்தார். விஸ்கோன்டி ஆண் வாரிசு அற்றுப்போனால் உரிமை வாலென்டினாவின் வழிக்குப் போகும். ஆண் வாரிசு 1447-ல் அற்றுப்போனது. 1499-ல் அவள் பேரன், பிரான்ஸ் மன்னர் பன்னிரண்டாம் லூயி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் படையோடு வந்து மிலானைக் கைப்பற்றினார்.

அடுத்த வாரம், நாய்களை மனிதர்கள் மேல் ஏவிய மூத்த மகன் ஜொவான்னி மரியாவின் கதை.

(தொடரும்)